சஃபரில் இருந்தவர்

என் மகளின் கல்யாணப் பத்திரிகையில்தான் என் வாப்பாவின் வாப்பா இறந்துபோனார். அவரைச் சாகடித்தது அச்சகத்துப் பெண். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

எங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பத்திரிகை அடிக்கும்போது, மணப்பெண் இன்னாரின் பேத்தி, இன்னாரின் கொள்ளுப்பேத்தி என்று பெரியவர்களின் பெயர்களை வரிசையாகப் போடுவோம். அவர்களில் மௌத்தாகிப் போனவர்களின் பெயருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்று சேர்ப்போம். காலஞ்சென்றவர் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரே ஒரு பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்ததே இல்லை. அவர் என் வாப்பாவின் வாப்பா. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது சிங்கப்பூர் தேக்காவிலிருந்து போனவர், திரும்பவில்லை. இன்றைக்கு இருந்தால் நூறைத் தாண்டிப் பல வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் என் கல்யாணப் பத்திரிகையில் உயிரோடுதான் இருந்தார். என் மாமியார் வீட்டுக்காரர் ஒருவர் பத்திரிகையைப் படித்துவிட்டு, “பெரியவங்க வரலையா?” என்று மரியாதையாக விசாரிக்க, வாப்பா முகம் மாறாமல் “சஃபர்ல இருக்காங்க” என்றார். சஃபர் என்றால் பயணம். மணப்பெண்ணாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தக் கல்யாணத்துக்கும் அதே மாதிரிதான் எழுதிக் கொடுத்திருந்தேன். சிராங்கூன் சாலையில் மாடியில் இருக்கிற அச்சகம். பெட்டியை வாங்கப் போனபோது அங்கிருந்த பெண் பெருமையாகச் சொன்னாள்.

“அக்கா, கொள்ளுத்தாத்தா பேருக்கு முன்னாடி மர்ஹூம் போட மறந்துட்டீங்க. நான்தான் கவனிச்சு போட்டேன். இல்லன்னா அசிங்கமா போயிருக்கும் லா.”

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வாய் வீங்கி வருகிறவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரியும். அந்தப் பழக்கத்தில், “பரவாயில்லம்மா, தாங்க்ஸ்” என்று சொல்லிவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிடோக்கில் இருக்கிற வீட்டுக்கு ரயிலேறினேன். மறுபடி அடித்தே ஆகவேண்டும், அதற்குள் வாப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வாப்பாவுக்கு எண்பத்தேழு வயது. உம்மா போனபிறகு எங்களோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடகாத்திரம். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பெட்டியைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். என் மகள் அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கையால் சைகை காட்டினாள், முடிந்தது கதை என்று.

“நன்னா, மிஸ்டேக் ஆயிடுச்சு. உம்மா மாத்திடுவாங்க” என்று அவளே தாத்தாவிடம் ஆரம்பித்தாள்.

வாப்பா நிமிரவில்லை. விரலால் அந்தச் சொல்லை ஒருமுறை தடவினார். “இருக்கட்டும்” என்றார். எழுந்து தன் அறைக்குப் போனார். கதவருகில் நின்று திரும்பினார். “வேணாம். மாத்திரு” என்றார்.

வாப்பா சொன்னதை மாற்றிச் சொல்கிற ஆள் இல்லை. என் சின்ன வயதில் ஒருமுறை, இருட்டி மகரிப்பு ஆவதற்குள் வீட்டுக்கு வரவில்லை என்றால் சாப்பாடு கிடையாது என்றார். நான் தாமதமாக வந்தேன். கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு நிமிடத்தில் இரண்டு பேச்சுப் பேசியது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவர் கீழே காப்பிக்கடைக்குப் போகவில்லை. காலையில் பாலும் சீனியும் இல்லாத அந்த தே ஓ கோசோங் டீயைக் குடிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. நானே வாங்கிவந்து வைத்தேன், ஆறிப்போய்க் கிடந்தது. கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி என்று எனக்குக் கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“வாப்பா, இப்ப என்ன ஆச்சு? மாத்தச் சொன்னீங்க, மாத்தக் கொடுக்கப் போறேன். அதுக்கு ஏன் பட்டினி கிடக்குறீங்க?”

அவர் ஆறிப்போன தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “எனக்கு எங்க வாப்பாவுக்கு ஒரு யாசீன் ஓதணும்மா.”

எங்களில் இறந்தவர்களுக்காக யாசீன் சூரா ஓதி, அவர்கள் பெயரைச் சொல்லி துஆக் கேட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்போம். அந்தச் சாப்பாட்டை நார்சா என்போம். வாப்பா தன் உம்மாவுக்கு வருடம் தவறாமல் ஓதுகிறார். என் உம்மாவுக்கு ஓதுகிறார். முகம் தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஓதுகிறார். தன் வாப்பாவுக்கு ஒருநாளும் ஓதியதில்லை. உயிரோடு இருப்பவருக்கு யார் ஓதுவார்கள்?

“ஓதுவோமே. இதுக்கா இவ்வளவு?”

“முடியாதும்மா. ஓதுனா மௌத்துன்னு ஆயிடும். மௌத்துன்னா எப்பன்னு கேப்பாங்க. எப்பன்னு சொன்னா, உங்க உம்மா இத்தா இருந்தாங்களான்னு கேப்பாங்க.”

புருஷன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும். அதுதான் இத்தா. அது சரி, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் சொன்னார், என் உம்மாவிடம்கூடச் சொல்லாததை.

அந்தக் காலத்தில் எங்கள் ராமநாதபுரத்துக் கடலோர ஆண்கள் வியாபாரத்துக்குத் தனியாகத்தான் கப்பலேறுவார்கள். வாப்பாவின் வாப்பா மட்டும் ஊர்ப் பேச்சைக் கேட்காமல் மனைவியையும் கூட்டி வந்தவர். தேக்காவில் சின்னச் சாப்பாட்டுக்கடை. ஜப்பான்காரன் வந்தபிறகு அரிசி இல்லை, கடையும் இல்லை. மூன்று மாத வேலை, வீட்டுக்கு அரிசி தருவோம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். போகும்போது வாப்பாவுக்கு ஐந்து வயது, தங்கை கைக்குழந்தை. அரிசி வரவில்லை.

அதுவரை வாசலைத் தாண்டாத பெண் வாப்பாவின் உம்மா. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கூடையில் வைத்து விற்கக் கிளம்பினார். ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். “அவங்க சஃபர்ல இருக்காங்க. வர்ற வரைக்கும் பிள்ளைங்களை நான்தான் பாக்கணும்” என்பதுதான் அவருடைய பதில். புருஷன் இருக்கிற பெண் புருஷன் சார்பில் விற்கலாம். விதவை என்றால் இத்தா இருக்கவேண்டும், பிறகு சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஊருக்குக் கப்பலேற்றி விடுவார்கள். ஊரில் அவருக்கு யாருமில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர்க்காரர், அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கப்பட்டவர். வாசலில் நின்றே சொன்னார். போன வருடமே, மழைக்காலத்தில், வாந்திபேதியில் மௌத்து. கஃபன் துணிகூடக் கிடைக்கவில்லை, தன் கைலியில் சுற்றித் தானே மண் போட்டதாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் வாப்பா நின்றிருந்தார்.

“உம்மா அழலை. அவரைப் பாத்து, ‘நீங்க பாத்ததை உங்களோட வச்சுக்குங்க காக்கா. எம் புள்ளைங்க வாப்பா சஃபர்ல இருக்காங்க’ன்னாங்க. அவரும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. மறுநாள் காலைல கிழங்கு அவிச்சாங்க. கூடையத் தூக்கிட்டுப் போனாங்க. இத்தா இருக்கலை. நான் மதரசாவுக்குப் போற பையன், எனக்குத் தெரியும், இருக்கணும்னு. உம்மா பாவம் பண்றாங்கன்னு தெரியும். எங்களுக்காகத்தான் பண்றாங்கன்னும் தெரியும். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன்.”

ஆக, வாப்பா காத்திருக்கவில்லை. அவருக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்ததே இல்லை. கிறுக்கு என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்த பிடிவாதம் முழுவதும் தாயின் பெயரைக் காப்பாற்றத்தான். எனக்கு அழுகை வரவில்லை, என்னவென்று தெரியாத ஒரு கோபம்தான் வந்தது.

பழையதெல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாகப் புரிந்தது. அறுபத்து நான்கில் கலவரம் நடந்து ஊரடங்கு போட்டபோது, ஊருக்குப் போய்விடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, “அவங்க வந்தா இந்த வாசலுக்குத்தான் வருவாங்க” என்று சொல்லி அந்தம்மா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாராம். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோதும் அதே பேச்சு, அதே பதில். கடை வீடுகளை இடித்து புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடு கொடுத்தபோது, தேக்காவில் தெரிந்த கடைகளிலெல்லாம் ஏறி இறங்கி, அவர் வந்தால் இங்கே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இறந்துபோனவர் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். நாடு மாறிக்கொண்டே இருந்தது, அந்தம்மா தன் ஒரே பேச்சில் நின்று இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்டார்.

அதற்கான விலையை வாப்பாதான் கொடுத்தார். நிக்காஹில் பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று ஒப்புக்கொடுக்கிறவரை வலி என்போம். தகப்பன் உயிரோடு இல்லாவிட்டால் அண்ணன்தான் வலி. தகப்பன் சஃபரில் இருக்கிறார் என்று சொன்னதால் தங்கை கல்யாணத்தில் அந்த உரிமை நிக்காஹ் நடத்திவைக்கிற காதிக்குப் போய்விட்டது. “என் தங்கச்சி கல்யாணத்துல நான் விருந்தாளி மாதிரி பாயில உக்காந்திருந்தேன்” என்றார்.

“இப்ப எனக்கு நாள் கிட்ட வந்துருச்சு. அங்க போய் எங்க வாப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? ஒரு யாசீன்கூட ஓதலையேடான்னு கேட்டா என்ன சொல்வேன்? ஓதுனா இங்க உம்மா பேரு போயிடும். நான் யாரைப் பாக்குறது சொல்லு?”

நான் எழுந்தேன். “பள்ளிவாசல் ஆலிம்கிட்ட கேப்போம்.”

“கூடாது. கேட்டா தெரிஞ்சுடும்.”

“யாருக்குத் தெரியும் வாப்பா? குறை சொல்ற ஆளுங்கல்லாம் சுவா சூ காங் கபர்ஸ்தான்ல படுத்திருக்காங்க. எல்லாரும் கபுருக்குள்ள போய் எத்தனையோ வருஷமாச்சு. நீங்க யாருக்குப் பயப்படுறீங்க?”

“அல்லாவுக்கு” என்றார்.

நான் விடுவதாக இல்லை. பெயர் சொல்லமாட்டேன், யாரோ ஒரு குடும்பம் என்று கேட்பேன், நீங்கள் வேண்டாம் என்றாலும் நாளைக்குப் போய்க் கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பாத்திரத்தை நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினேன். மறுநாள் மதியம் நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அவர் தொப்பியோடும் கைத்தடியோடும் வாசலில் நின்றார்.

“நானே கேக்குறேன். நீ சும்மா இரு” என்றார்.

தேக்கா பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனோம். அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. ஆலிம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என்னைவிட இளையவர். வாப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். நான் தூணோரம் நின்றேன்.

“ஹஜ்ரத், எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு” என்று வாப்பா ஆரம்பித்தார். வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினார். புருஷன் வெளியூரில் மௌத், செய்தி வெகுநாள் கழித்து வந்தது, அந்தப் பெண் இத்தா இருக்கவில்லை, மறுநாளே வேலைக்குப் போய்விட்டார், அந்தப் பெண் இப்போது இல்லை, அந்தக் குற்றத்துக்குப் பிள்ளைகள் ஏதாவது பரிகாரம் செய்யமுடியுமா?

ஆலிம் கொஞ்சம் யோசித்தார். “எவ்வளவு நாள் கழிச்சு செய்தி வந்துச்சு?”

“ஒரு வருஷத்துக்கு மேல.”

“அப்ப இத்தாவே இல்லீங்களே” என்றார் ஆலிம்.

வாப்பா காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஆலிம் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். இத்தா கணக்கு மௌத்தான நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும், செய்தி வந்த நாளிலிருந்து இல்லை. மனைவிக்குத் தெரியாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும். செய்தி வந்தபோது அந்த அம்மாவுக்குக் கடமை எதுவும் பாக்கி இல்லை.

“இன்னொண்ணு, அப்படியே இத்தா இருந்திருந்தாலும், வேற வழியில்லாம பிள்ளைகளுக்குச் சாப்பாடு தேட பகல்ல வெளிய போறதுக்கு அனுமதி உண்டு. அந்த அம்மா எந்தக் குத்தமும் பண்ணலை. பிள்ளைகளை நிம்மதியா இருக்கச் சொல்லுங்க.”

வாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரியாத் தெரியுமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். ஆலிம் கோபித்துக்கொள்ளவில்லை. நான்கு மத்ஹப் சட்டங்களிலும் இதுதான் என்றார். யாருடைய குடும்பம் என்று அவர் கேட்கவும் இல்லை.

வெளியே வந்து சாலை ஓரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தோம். வாப்பா கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“ஒரு வார்த்தை லா. ஒரே ஒரு வார்த்தை. யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்” என்றார். “உம்மாவும் கேக்கலை, நானும் கேக்கலை. கேட்டா தெரிஞ்சுடும்னு பயம். கடைசிக் காலத்துல ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘அல்லா என்னைப் பிடிப்பானாடா’ன்னு கேட்டாங்க. எதுக்குக் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி, ‘நீங்க என்னம்மா தப்பு பண்ணீங்க’ன்னேன். அந்தப் பயத்தோடயே போயிட்டாங்களேம்மா.”

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கோபம் அப்போதும் தீரவில்லை. பசியிலும் சண்டையிலும் அசையாமல் நின்ற ஒரு பெண், செய்யாத குற்றத்துக்கு ஒரு ஆயுள் முழுக்கப் பயந்திருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அவருக்கு முகம் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“வியாழக்கிழமை ராத்திரி யாசீன். எல்லாரையும் கூப்பிடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களையும் கூப்பிடு. இப்பவே தேக்கா மார்க்கெட்டுக்குள்ள போய் ஆட்டுக்கறிக்குச் சொல்லிட்டு வந்துருவோம்.”

“கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு வாப்பா. கல்யாணம் முடியட்டுமே?”

“முடியாது. எங்க வாப்பாவுக்குப் பிறகுதான் உங்க கல்யாணம்.”

பத்திரிகையை மாற்றி அடிக்கவில்லை. வியாழக்கிழமை எங்கள் பிடோக் வீட்டில் நிற்க இடமில்லை. கூடத்து நாற்காலிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். அடுத்த வீட்டு மலாய்க்காரர் தன் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதே ஆலிம்தான் ஓத வந்தார். வாப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார்.

யாசீன் ஓதி முடித்து துஆவுக்குக் கையேந்துவதற்கு முன், “யார் பேருக்கு?” என்று ஆலிம் கேட்டார். வாப்பா தன் வாப்பாவின் பெயரைச் சொன்னார், மர்ஹூம் சேர்த்து. குரல் கணீரென்று இருந்தது. அடுத்து தன் உம்மாவின் பெயரையும் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், மாப்பிள்ளைக்குப் பெரிய மாமா முறை. எங்கள் ஊர்தான். யார் வீட்டில் என்ன குறை என்று மோப்பம் பிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே, சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“ஏன் காக்கா, சஃபர்ல இருக்காங்கன்னுல்ல கேள்விப்பட்டிருக்கேன்? எப்ப மௌத்தானாங்க?”

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற நான் ஓரடி முன்னால் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஆறு ஏழு வயசு இருக்கும்போது. சயாம்ல, மழைக்காலத்துல. சேதி எங்களுக்கு மறு வருஷம்தான் வந்துச்சு. வந்த மறுநாள் காலைல எங்க உம்மா கூடையத் தூக்கிக்கிட்டு கிழங்கு விக்கப் போனாங்க. அந்தக் கிழங்குலதான் நான் வளந்தேன்.” அவர் கூடம் முழுக்க ஒருமுறை பார்த்தார். “வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

யாரும் கேட்கவில்லை.